நான்தான் தட்டினது

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நான் ரெலிபோன் கடை வைத்திருந்தேன். 'கொமியூனிகேஷன்' என்று பலகை போட்ட சின்னக் கடை. கண்ணாடி பதித்த மரக்கதவோடு இரண்டு கூண்டுகள், ஒரு மேசை, சில பிளாஸ்டிக் கதிரைகள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜுகளில் தங்கியிருந்த சனம் கனடாவுக்கும் லண்டனுக்கும் எடுத்துக் கதைக்க வருவார்கள். கடைக் கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். யாரும் கேட்டுவிட்டு உள்ளே வருவதில்லை.

தீயணைப்பு நிலையத்தில் வேலை செய்த அந்தச் சிங்களவர் ஒருவர்தான் கேட்பார். மழை கொட்டினாலும் படிக்கு வெளியே நின்று, தன்னுடைய தமிழில் சொல்வார்: "நான் பயர் ஆள். வரலாமா?"

"வாங்கோ" என்று நான் சொல்லவேண்டும். அதன் பிறகு குனிந்து பூட்ஸைக் கழற்றுவார். அந்தப் பூட்ஸ் இலேசில் கழலாது. நீளமான நாடா, ஈரத்தில் ஊறி இறுகியிருக்கும். "மாத்தயா, சும்மா வாங்கோ, நிலத்தை நான் எப்பிடியும் கூட்டத்தானே போறன்" என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டிவிட்டு நாடாவை அவிழ்த்துக்கொண்டே இருப்பார். பிறகு ஈரக் காலுறையோடு சத்தமில்லாமல் உள்ளே வந்து, சுவரோரக் கதிரையில் பாதி உட்கார்வார். நல்ல உயரம், அகலத் தோள். ஒரு பக்கப் புருவத்தில் மயிர் இல்லை. எப்போதோ நெருப்புத் தின்றது, பிறகு முளைக்கவில்லை. டீசலும் நனைந்த கன்வஸும் கலந்த ஒரு மணம் அவர் போன பிறகும் கடைக்குள் நிற்கும்.

சட்டையில் சிங்களத்தில் பெயர் குத்தியிருப்பார். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். ஆனாலும் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் 'பயர் மாத்தயா', தீயணைக்கிற ஐயா. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும், எந்தக் கடையில் தேத்தண்ணி குடித்தாலும், சந்திக்கிற ஆள் புதியவராக இருந்தால் கொஞ்ச நேரத்தில் அதைச் சொல்லிவிடுவார். யாரும் கேட்கமாட்டார்கள். பேச்சு மழையைப் பற்றியோ தண்ணீர் வெட்டைப் பற்றியோ போய்க்கொண்டிருக்கும். நடுவில் நிறுத்துவார்.

"அந்த லொட்ஜில பெடியன் செத்தது தெரியுமா? கதவு தட்டினது ஆர்? நான்தான் தட்டினது."

ஒருமுறை சலூனில் பாதி முகம் சவரமும் பாதி முகம் நுரையுமாக இருக்கும்போது, பின்னால் வாங்கில் இருந்து கண்ணாடியில் தெரிந்த ஆளுக்கு அதைச் சொல்லத் தொடங்கினாராம். சலூன்காரர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பேசாதீங்க மாத்தயா, கத்தி பட்டிரும்" என்றிருக்கிறார். அவர் வாயை மூடிக்கொண்டாராம். சவரம் முடிந்து முகத்தைத் துடைத்துவிட்டு, அந்த ஆளிடம் திரும்பி மிச்சத்தைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்து போனாராம். அந்த ஆளோ அந்த ஊருக்கே புதிது. வவுனியாவிலிருந்து முதல் நாள்தான் வந்திருந்தது.

என்ன நடந்தது என்பதை நான் சொல்லவேண்டும். நானும் அன்று அந்த இடத்தில் நின்றேன்.

அதற்கு இரண்டொரு நாள் முன்னர் நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. அப்படி ஒன்று நடந்தால் அடுத்தது எங்கள் பக்கம் ரவுண்டப் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பகலென்று இல்லை, இரவென்று இல்லை. ஆமியும் பொலிசும் ஒழுங்கையின் இரண்டு முனையையும் மறித்துவிட்டு வீடு வீடாக ஏறுவார்கள். இளந்தாரிகளைக் கொண்டுபோய் விசாரித்துவிட்டு விடுவார்கள், சிலரை விடமாட்டார்கள். அதனால் எல்லாரும் எல்லாருக்கும் ஒரே புத்திமதிதான் சொன்னோம்: ஆர் தட்டினாலும் திறவாதேங்கோ. லைட்டை நூருங்கோ. மூச்சுக் காட்டாதேங்கோ. ஆளில்லை எண்டு போயிடுவாங்கள்.

ஒழுங்கையின் கடல்பக்கத்தில் மூன்று மாடி லொட்ஜ் ஒன்று இருந்தது. பின்பக்கப் படிக்கட்டுக்கு முதலாளி இரும்புக் கதவு போட்டுப் பூட்டு மாட்டியிருந்தார், கள்ளருக்குப் பயந்து. அன்று மத்தியானம் சாய்ந்த நேரம், மழை. கீழ்த்தளத்தில் பழைய மெத்தைகளைப் போட்டுவைத்த அறையில் நெருப்புப் பிடித்துவிட்டது. கீழே இருந்தவர்கள் ஓடி வெளியே வந்தார்கள். நான்தான் என் கடையிலிருந்து தீயணைப்பு நிலையத்துக்கு எடுத்தேன். வண்டி சீக்கிரமே வந்தது. அதில் ஒரு குறையும் சொல்லமுடியாது. ஆனால் சைரன் சத்தம் கேட்டதும் ஒழுங்கையில் யன்னல்கள் திறக்கவில்லை, சாத்துப்பட்டன. அந்த நாட்களில் எந்தச் சைரனும் எங்களுக்கு ஒரே சைரன்தான்.

அவர் மேல்மாடிக்கு ஓடினார். பின்பக்கத்து அறைகளில் புகை இன்னும் ஏறவில்லை. மழைக்காக யன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். கீழே எரிவது அங்கே யாருக்கும் தெரியாது. பூட்ஸ் காலோடு படியேறி, கதவு கதவாக முட்டியால் குத்தி, "தொர அறப்பங்! தொர அறப்பங்!" என்று கத்திக்கொண்டு போனார். கதவைத் திற என்று அர்த்தம். ரவுண்டப்புக்கு வருகிறவர்களும் அதையேதான் சொல்வார்கள். அதே சொல், அதே குத்து.

ஒரு கதவும் திறக்கவில்லை. உள்ளே ஒரு அசுமாத்தமும் இல்லை. ஆட்கள் இறங்கிவிட்டார்கள் என்று நினைத்துக் கீழே வந்தார். பிறகு பின்படிக்கட்டு வழியாகப் புகை ஒரேயடியாக மேலே ஏறியது. அப்போது மேல்மாடி யன்னல் ஒன்றைத் திறந்து ஒரு பெடியன் பக்கத்துக் கூரையில் குதித்தான். அதைப் பார்த்துத்தான் உள்ளே இன்னும் ஆள் இருக்கிறது என்று தெரிந்தது. அவர் திரும்பி ஏறிக் கதவுகளை உடைத்தார். மற்ற அறைகளில் ஆளில்லை. ஒரு அறையில் கட்டிலுக்குக் கீழே, சுவரோடு ஒட்டி, ரமணன் என்கிற பெடியன் கிடந்தான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் இறங்கி வந்ததை நான் கண்டேன். ரமணனின் கைக்குள் அவனுடைய ஐ.சி, அடையாள அட்டை, மடங்கிக் கிடந்தது. கேட்டால் காட்டுவதற்கு எடுத்து வைத்திருக்கிறான்.

கூரையில் குதித்த பெடியனை என் கடைக்குப் பக்கத்தில் இருந்த முஸ்லிம் நானாவின் சில்லறைக் கடை வாசலில் இருத்தியிருந்தார்கள். அடுத்த அறைக்காரன். அவர் வந்து அவன் முன்னால் குந்தி, சிங்களத்தில் கேட்டார்: "நான் தட்டினேனே, ஏன் திறக்கவில்லை?" அவனுக்கு விளங்கவில்லை. நான் தமிழில் சொன்னேன்.

"ரவுண்டப் எண்டு நினைச்சம் அக்கா" என்றான். "நானும் ரமணனும் சுவரில தட்டிக் கதைச்சனாங்கள். சத்தம் போடாம இருப்பம், போயிடுவாங்கள் எண்டு."

அதை அப்படியே சிங்களத்தில் திருப்பிச் சொன்னேன். அவர் விளங்காதவர்போல என்னைப் பார்த்தார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"நான் நெருப்பென்று சொல்லவில்லையே" என்றார் சிங்களத்தில். "திற, திற என்றுதான் சொன்னேன். நெருப்பென்று ஒரு தரமும் சொல்லவில்லை."

"சொன்னாலும் அவங்களுக்குச் சிங்களம் தெரியாதே மாத்தயா."

"'பயர்' என்று சொல்லியிருக்கலாம். 'பயர்' எல்லாருக்கும் தெரியும்."



மரண விசாரணையிலும் அவர் இதையேதான் சொன்னார் என்று போய்வந்த லொட்ஜ் முதலாளி எனக்குச் சொன்னார். கேட்டது எப்போது வந்தீர்கள், எப்போது கதவை உடைத்தீர்கள் என்று மட்டும்தான். அவர் அதற்குப் பதில் சொல்லிவிட்டு, கேட்காததையும் சொன்னாராம். தட்டின விதத்தைச் சொன்னாராம். எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கிறது, உங்களில் பிழையில்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள். ரமணனின் தூரத்து மாமன் ஒருவர் வந்து, கனத்தை மயானத்தில் காரியத்தை முடித்தார். தாய் வடக்கில். பாதை பூட்டியிருந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவளால் வரமுடியவில்லை.

சில கிழமை கழித்து அவர் என் கடை வாசலில் வந்து நின்றார். அன்றைக்குத்தான் முதன்முதலாக உள்ளே வரலாமா என்று கேட்டார், சிங்களத்தில். பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நங்கி, எனக்குத் தமிழில் ஒரு வசனம் சொல்லித்தரவேணும். ஒன்று போதும்." நங்கி என்றால் தங்கச்சி.

நான் யோசித்துச் சொன்னேன்: "நெருப்புப் பிடிச்சிட்டுது. நான் பயர் ஆள். கதவைத் திறவுங்கோ."

அது ஒன்றல்ல, மூன்று. ஆனாலும் பாடமாக்கினார். முதல் சொல்லில்தான் இடறினார். 'நெருப்பு' அவர் வாயில் எப்படியோ 'செருப்பு' ஆகிவிடும். சலூன்காரரிடமும் நானாவிடமும் இடையிடையே கேட்டுப் பழகியதில் இரண்டு சொல்லும் கலந்துபோயின. "செருப்புப் பிடிச்சிட்டுது!" என்று உரத்துச் சொல்லிவிட்டு, சரியா என்று என் முகத்தைப் பார்ப்பார். கூண்டுக்குள் மகனோடு கதைத்துக்கொண்டிருந்த ஒரு மனுசி ரிசீவரைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நாங்கள் சிரித்து முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு, "திரும்பச் சொல்லு நங்கி" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேலதிகாரியிடம் கெஞ்சி, வண்டியை எங்கள் ஒழுங்கைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். சனம் வந்து வண்டியைப் பார்க்கட்டும், தங்களைப் பார்க்கட்டும், பயம் தெளியட்டும் என்பது அவருடைய யோசனை. சைரன் போடவில்லை. ஆனாலும் சிவப்பு வண்டியையும் அதில் சீருடையோடு வந்தவர்களையும் கண்டதும் வீடுகள் சாத்துப்பட்டன. நானாவின் பிள்ளைகள் மட்டும் ஓடிப்போய் ஏணியில் தொங்கின. அவர் ஹெல்மட்டையும் பூட்ஸையும் கழற்றி வைத்துவிட்டு, வண்டியின் படியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியது. நெடுநேரம் கழித்து ஒரு வயதான ஐயா வந்து, எங்கள் குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை, இதில் இருக்கிறதைத் தரலாமா என்று என்னைக் கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். மாத்தயாவின் முகம் அன்றைக்குத்தான் கொஞ்சம் விரிந்தது. வாளியும் குடமும் பேசினுமாக ஒழுங்கையே வெளியில் வந்தது. அவர் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் நிரப்பினார். நிரப்பும்போதே ஒவ்வொருவருக்கும் சொன்னார்:

"நான்தான் தட்டினது."

எடுத்த தண்ணீரோடு சிலர் விறைத்து நின்றார்கள். "உங்களில என்ன பிழை மாத்தயா, நீங்கள் காப்பாத்தத்தானே வந்தனீங்கள்" என்று ஒரு ரீச்சர் சொன்னா. அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். ஆறுதல் சொன்னவர்களுக்கெல்லாம் அவர் அப்படித்தான் செய்தார். யாராவது அந்தப் பாரத்தில் ஒரு விரலை வைத்தாலும் தட்டிவிடுவார்.

லொட்ஜ் முதலாளி அவரைக் கண்டால் வீதியின் மறுபக்கம் மாறிவிடுவார். ஒருநாள் என்னிடம் வந்து கத்தினார்: "இந்தாளை ஏன் பிள்ளை உள்ளுக்கு எடுக்கிறாய்? முடிஞ்ச கதை. திரும்பத் திரும்பக் கிண்டுறான்."

"அவர் தன்னைப் பற்றித்தானே சொல்லுறார். உங்களை ஒண்டும் சொல்லேல்லையே."

"சொல்லாட்டில்?" என்றார் முதலாளி. பிறகு போய்விட்டார். ஆனால் அந்தக் கிழமையே பின்படிக்கட்டுப் பூட்டு காணாமல் போனது. இரும்புக் கதவையும் கழற்றினார்.

பக்கத்துக் கடை நானாதான் அதை வெளிப்படையாகச் சொன்னார். கணக்கு முடித்துக் கடையைச் சாத்துகிற நேரம், வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஒராள் எல்லாத்தையும் தலையில போட்டுக்கொண்டா, மத்தவங்களுக்கு நல்ல லேசு தானே மகள்" என்றார்.

உண்மைதான். திறவாதே என்று சொன்னவர்கள் நாங்கள். பூட்டு மாட்டியது முதலாளி. சைரன் கேட்டு யன்னலைச் சாத்தியது ஒழுங்கை. மேல்மாடிப் பெடியங்களுக்கு அவரவர் வீட்டு யன்னலில் நின்று ஒரு குரல் தமிழில் கொடுத்திருந்தால் போதும். ஒருவரும் கொடுக்கவில்லை. என் கடைக்கும் அந்த லொட்ஜுக்கும் நடுவில் ஆறு வீடுதான். நான் தீயணைப்பு நிலையத்துக்கு எடுத்துச் சொன்னதோடு என் வேலை முடிந்தது என்று நின்றேன். ஆளுக்கொரு துண்டாய் எங்களுக்குள் இருந்ததை அவர் முழுசாய் எடுத்துக்கொண்டார். நாங்களும் கொடுத்துவிட்டோம். அதனால்தான் அவரைக் கண்டால் எங்களுக்கு அவ்வளவு சங்கடம்.

பிறகு அவருக்குக் கொட்டாஞ்சேனைப் பக்கம் மாற்றம் வந்தது. போனாலும் மாதத்துக்கொரு தரம் பஸ் ஏறி வருவார். அங்கே நடந்த ஒன்றை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பழைய மாடி வீடு. கீழே யாரோ மண்ணெண்ணெய் குக்கரைக் கவிழ்த்து நெருப்பு. மேலே ஒரு தாயும் இரண்டு குமர்ப்பிள்ளைகளும் உள்ளே பூட்டிக்கொண்டு இருந்தார்கள். இவர் ஏறிப்போய், விரலால் மட்டும் தட்டி, தன்னுடைய மூன்று வசனத்தையும் சொல்லியிருக்கிறார். உள்ளேயிருந்து தாய் கேட்டாளாம்: "ஐ.சியைக் காட்டுங்கோ."

காலுக்குக் கீழே பலகை சுடுகிறது. ஐ.சி என்ற சொல் அவருக்கு விளங்கியது. சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கதவுக்குக் கீழால் தள்ளினார். கதவு திறந்தது. மூன்று பேரும் உயிரோடு இறங்கினார்கள். அந்த இருட்டில் ஐ.சியில் என்ன இருந்தது என்று அந்தத் தாய் பார்க்கவேயில்லையாம். "ஐ.சியை எங்களிட்டத் தாற ஆமிக்காரனை நான் காணேல்லை, அதுதான் திறந்தனான்" என்று பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறாள்.

"பாத்தீங்களா, மாத்தயா! நீங்கள் படிச்ச தமிழ்!" என்றேன் நான். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "மிச்சத்தைக் கேள் நங்கி" என்றார். ஐ.சி அந்த வீட்டோடு எரிந்துபோய்விட்டது. அடுத்த நாள் வேலை முடிந்து சாதாரண உடுப்பில் வீட்டுக்குப் போகும்போது செக்பொயின்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். இவருக்கு முன்னால் ஒரு தமிழ்ப் பெடியன். இவரிடம் ஐ.சி கேட்டார்கள். எரிந்துவிட்டது என்று சிங்களத்தில் சொன்னார். சரி, ஏறு என்றார்கள். கதையையே கேட்கவில்லை.

"என்னிடம் ஐ.சி இல்லை, விட்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளையிடம் ஐ.சி இருந்தது, கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பஸ் அவனை விட்டுவிட்டுப் புறப்பட்டது. நானும் அதில்தான் இருந்தேன்."

அவர் சொல்லவந்தது அதைத்தான். மூன்று உயிரைப் பற்றி அல்ல.

ரமணனின் தாய் வந்தது அதற்கெல்லாம் பிறகு. பயண அனுமதிப் பாஸ் கிடைத்து, கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்புக்கு. மகன் இறந்து ஒரு வருசத்துக்கு மேலாகிவிட்டது. அவன் கடைசியாக எழுதியதில் என் கடையின் விலாசம் இருந்திருக்கிறது. கடையைத் தேடிப்பிடித்து, பையோடு வந்து நின்றாள். மெலிந்த, கறுத்த மனுசி. "ரமணன் இஞ்ச வந்துதானே பிள்ளை ரெலிபோன் கதைக்கிறவன்?" என்று கேட்டாள். லொட்ஜைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். வெள்ளையடித்துப் புதிதாக இருந்தது. வெளியில் நின்று பார்த்தாள், உள்ளே போகவில்லை. அழவுமில்லை.

அந்தப் பெடியனின் ஆட்கள் யாராவது வந்தால் எனக்குச் சொல் என்று பயர் மாத்தயா எப்போதோ சொல்லி வைத்திருந்தார். சொல்வதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தத் தாய்க்கு இன்னும் என்ன வேண்டும்? நானாவைக் கேட்டேன். "சொல்லுங்க மகள். அந்த மனிசன் வேற யாருக்குச் சொல்லியும் அடங்கல்ல தானே" என்றார். கொட்டாஞ்சேனைக்கு எடுத்தேன்.

அவர் வந்தார். வெள்ளைச் சேர்ட், செருப்பு. வாசலில் நின்று உத்தரவு கேட்டுவிட்டு உள்ளே வந்தார். தாய் சுவரோரக் கதிரையில் இருந்தாள். பக்கத்தில் நான் ஊற்றிவைத்த தேத்தண்ணி தொடப்படாமல் இருந்தது. அவர் உட்காரவில்லை. இத்தனை காலம் கண்டவருக்கெல்லாம் சொன்ன அந்த வசனத்தைச் சொல்ல அன்று அவருக்கு வாய் வரவில்லை. இரண்டு தரம் தொடங்கி நிறுத்தினார்.

"அம்மா. உங்கட மகன் கதவு... நான்தான் தட்டினது."

தாய்க்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் முழுவதையும் சொன்னேன். பூட்ஸ், குத்து, சிங்களம், நெருப்பென்று சொல்லாதது எல்லாவற்றையும். ஒன்றையும் குறைக்கவில்லை. குறைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அந்த அளவுக்கு அவருக்குத் தமிழ் வந்திருந்தது.

அவள் கீழே இருந்த பையை எடுத்து மடியில் வைத்தாள். பிறகு கேட்டாள்:

"ஐயா எப்பிடித் தட்டினவர்? தட்டிக் காட்டச் சொல்லு பிள்ளை."

"அம்மா, ஏன் உங்களுக்கு அது..."

"சொல்லு."

நான் சொல்லமுன்னமே அவருக்கு விளங்கிவிட்டது. மாட்டேன் என்று தலையாட்டினார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் திரும்பி, காலியாக இருந்த கூண்டின் கதவில் கையை ஓங்கிக் குத்தினார். கண்ணாடி அதிர்ந்தது. "தொர அறப்பங்!" என்றார். அவர் அந்தக் குரலில் பேசி நான் அன்றுதான் கேட்டேன். அடுத்த கூண்டிலிருந்த பெண் ரிசீவரைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். நானா தன் கடையிலிருந்து ஓடி வந்தார்.

தாய் அசையவில்லை.

"இதுக்கு நானும் திறந்திருக்கமாட்டன்" என்றாள்.

பிறகு, என்னிடம் அல்ல, அவரிடமும் அல்ல, மடியிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான்தான் சொல்லி விட்டனான். கொழும்பில ஆர் தட்டினாலும் திறக்காத ராசா எண்டு. வெளிக்கிடேக்க படலையில வச்சுச் சொன்னனான். சொல்லுக் கேக்கிற பிள்ளை."

அவர் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?" என்று சிங்களத்தில் கேட்டார். இரண்டையும் சொன்னேன். முதலாவதைக் கேட்டுத் தலையை ஆட்டினார், அது தனக்கு வரவேண்டியது என்பதுபோல. இரண்டாவதைக் கேட்டதும் "இல்லை, இல்லை" என்றார். தாயின் முன்னால் நிலத்தில் குந்தினார். "இல்லை அம்மா. நீங்க இல்லை. நான்."

"ரெண்டு பேரும்தான்" என்றாள் அவள். கோபமில்லாமல் சொன்னாள்.

கூண்டுப் பெண் காசை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நானாவும் போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். அவள் முதன்முறையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"தம்பி, அவனைத் தூக்கினது ஆர்?"

அது அவருக்கு விளங்கியது. "நான்தான்" என்றார்.

"நான் அவனைக் கண்டு மூண்டு வருசம்" என்றாள். "பாரமாய் இருந்தவனோ?"

ரமணனை எனக்குத் தெரியும். பின்னேரங்களில் பேக்கரிப் பணிஸ் ஒன்றைப் பிய்த்துத் தின்றுகொண்டு தன் முறை வரும்வரை இந்தக் கதிரையில் காத்திருப்பான். அதுதான் அவனுடைய மத்தியானச் சாப்பாடும். தோள் எலும்பு சேர்ட்டுக்கு மேலால் தெரியும். இந்த மனிதர் அவனை ஒரு தோளில், நனைந்த சேலையைப் போட்டுக்கொண்டு வருவதுபோல, மூன்று மாடியும் இறக்கிக்கொண்டு வந்ததை நான் என் கண்ணால் கண்டேன். மற்றக் கையால் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டு, தானே தேடித் தேடித் தமிழில் சொன்னார்:

"பாரம் அம்மா. நல்ல பாரம். நான் தனிய ஏலாது. ரெண்டு ஆள் தூக்கினது."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப வடிவாய்ச் சாப்பிட்டிருக்கிறான்" என்றாள்.

"ஓம் அம்மா" என்றார் அவர்.

அவள் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வெகுநேரம் அழுதாள். அவர் நிலத்திலேயே குந்தியிருந்தார். என் பக்கம் அவர் திரும்பவேயில்லை. நான் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு, புதிதாக ஊற்ற உள்ளே போனேன்.